கவலை என்றால் 'வொரீட்' தானா? உப்புவெளி வாசகி ஒருவருக்குப் பதில்

கேள்வி: திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் உள்ள ஒரு சிறிய கடற்கரை விடுதியின் வரவேற்பு மேசையில் ஆறு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். விருந்தினர்களின் மின்னஞ்சல்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவது என் பொறுப்பு. ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதத்தில் எங்களிடம் வந்து தங்கும் ஆங்கிலேயத் தம்பதியரில் கணவர் இறந்துவிட்டதாக அண்மையில் மனைவி எழுதியிருந்தார். 'ஐ ஆம் வெரி வொரீட் எபவுட் யுவர் ஹஸ்பன்ட்ஸ் டெத். ஐ ஹாவ் ஸ்ட்ராங் சிம்பதி ஃபோர் யூ' என்று பதில் அனுப்பினேன். அதைப் படித்த முதலாளியின் மகன், இலக்கணப் பிழை இல்லை, ஆனாலும் இப்படி யாரும் எழுதமாட்டார்கள் என்றார். ஏன் என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியவில்லை. குளிரூட்டி பழுதானாலும் 'வெரி சாட்', பாராட்டு வந்தாலும் 'வெரி ஹாப்பி' என்றே என் கை எழுதுகிறது. அகராதியில் பெரிய சொல்லாகத் தேடி எடுத்தால் சிரிக்கிறார்கள். உணர்ச்சியைச் சொல்ல எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தருவீர்களா? அந்த அம்மாவுக்குத் திருத்தி மறுபடியும் எழுத வேண்டுமா? அவர் 'ஐ வாஸ் டீப்லி டச்ட்' என்று ஒரு வரி மட்டும் பதில் போட்டிருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு வாக்கியங்களையும் பல தடவை படித்தேன். முதலாளியின் மகன் சொன்னது சரிதான். இலக்கணத்தில் பிழை பிடிக்க இடமில்லை. ஆனால் முதல் வாக்கியத்தில் உள்ள குறையும் இரண்டாவதில் உள்ள குறையும் ஒன்றல்ல என்பதால், அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க விரும்புகிறேன்.

முதல் வாக்கியத்தில் உங்களை ஏமாற்றியது ஆங்கிலம் அன்று, நம் ஊர்த் தமிழ். செத்த வீட்டுக்குப் போய்வந்தாலும் 'கவலையாக இருக்கிறது' என்கிறோம். உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளைக்குப் பெறுபேறு வரப் பிந்தினாலும் 'கவலையாக இருக்கிறது' என்கிறோம். தமிழ்நாட்டவர் முதலாவதற்குப் பெரும்பாலும் வருத்தம், துக்கம் என்பார்கள். இனி என்ன ஆகுமோ என்ற நினைப்புக்கே கவலையை வைத்திருப்பார்கள். இலங்கைத் தமிழில் அந்த ஒரே சொல் இரண்டு சுமையையும் சுமக்கிறது. ஆங்கிலத்தின் 'வொரீட்' அப்படியில்லை. என்ன நடக்கப்போகிறதோ, ஏதாவது தவறாகப் போய்விடுமோ என்று மனம் தவிக்கும்போதுதான் அது வரும். நடந்து முடிந்ததை எண்ணி நோகும் மனத்துக்கு 'சாட்' என்றும், மரணத்தால் வரும் பெருந்துயருக்கு 'க்ரீஃப்' என்றும் வேறு சொற்கள் உண்டு. ஆகவே ஒருவருடைய மரணத்தைப் பற்றி நீங்கள் 'வொரீட்' என்று எழுதும்போது, அந்த மரணத்தில் ஏதோ ஐயம் இருப்பதுபோலக்கூட ஓர் ஆங்கிலேயர் காதில் விழலாம். மாணவர்களின் கொப்பிகளில் இந்த ஒரு பிழையைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் திருத்தியிருக்கிறேன்; மிகுந்த கோபம் என்ற பொருளில் நாம் சொல்லும் 'சரியான கோபம்' என்பதைக் 'கரெக்ட் ஆங்கர்' என்று எழுதியவர்கள்கூட இந்தப் பிழை விட்டவர்களுக்கு அடுத்த இடத்தில்தான் வருவார்கள்.

இரண்டாவது வாக்கியத்தின் குறை இன்னும் நுட்பமானது. 'சிம்பதி' பொருத்தமான சொல்தான். 'ஸ்ட்ராங்' என்பதற்கு அகராதி தரும் பொருளும் உங்கள் நோக்கத்துக்கு மாறானதன்று. இரண்டும் பக்கத்தில் வந்து நின்றதும்தான் கோணலாகிறது. ஓர் அரசியல் கோரிக்கையின் பக்கமோ ஒரு கட்சியின் பக்கமோ ஒருவருடைய மனம் சாய்ந்திருப்பதைச் சொல்ல 'ஸ்ட்ராங் சிம்பதி' வரும். துணையை இழந்தவருக்கு ஆறுதல் சொல்ல 'டீப்' அல்லது 'டீப்பெஸ்ட்' என்பதுதான் வரும். நம் ஊரில் மரணம் நடந்த வீட்டுத் தெருமுனையில் கட்டப்படும் பதாகையை நினைத்துப் பாருங்கள். அதில் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று இருக்கும். யாராவது 'பலமான அனுதாபங்கள்' என்று அச்சிட்டுக் கட்டியிருந்தால், துக்கத்துக்கு வந்தவர்கள்கூட ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். பலம், அனுதாபம் இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களாக இருந்தும் ஏன் அப்படி என்று கேட்டால், முதலாளியின் மகனைப் போல நாமும் விழிப்போம்.

இப்படிச் சில சொற்கள் சில சொற்களோடு மட்டும் கூடிவரும் வழக்கத்தை ஆங்கிலத்தில் 'கொலொகேஷன்' என்கிறார்கள். தமிழில் சொல்லிணைவு எனலாம். இதை மொழியியலில் முக்கியமான ஒன்றாக நிறுத்தியவர் இலண்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ஜே. ஆர். ஃபர்த். ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து திரிகிறது என்பதைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தில் அவர் 1957இல் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. அதே மனிதர் 1934இல் தமிழ் ஒலிப்பைப் பற்றி ஒரு சிறு விளக்கம் எழுதியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய மாணவரான ஹாலிடே 1966இல் காட்டிய உதாரணம் உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. சாயம் கூடிய தேநீர் 'ஸ்ட்ராங் டீ', வேகமும் வலுவும் உள்ள கார் 'பவர்ஃபுல் கார்'. இரண்டு அடைமொழிகளுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனாலும் அவற்றை இடம் மாற்றிப் போட முடியாது. வாதத்தைக் குறிக்கும் 'ஆர்கியூமென்ட்' என்ற சொல் மட்டும் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறது. இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். பேசிப்பேசிப் பதிந்துபோன வழக்கு என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் மேசையில் இருந்துகொண்டே இதைப் பரிசோதிக்கலாம். வாடைக்காலத்தில் வரும் விருந்தினரிடம் வானிலையைச் சொல்லும்போது தமிழில் நமக்குக் 'கடும்' என்ற ஒரு சொல் போதும்: கடும் மழை, கடும் காற்று, கடுங்குளிர். ஆங்கிலத்தில் மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்', குளிருக்கு 'பிட்டர்'. படகு போகாதபடி கொந்தளிக்கும் கடலுக்கு 'ரஃப்'. இவற்றை நீங்கள் பிழையில்லாமல் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருப்பீர்கள், ஏனென்றால் இவற்றை ஒரு தனிச் சொல்லாகக் கற்கவில்லை, சோடியாகவே காதில் வாங்கினீர்கள். உணர்ச்சிக்கு வரும்போதும் அதே பிரிவினைதான் நடக்கிறது. கடும் ஏமாற்றத்துக்கு, கடுங்குளிருக்குப் போட்ட அதே 'பிட்டர்' வந்து 'பிட்டர்லி டிஸப்பொயின்டட்' ஆகிறது. கடும் அதிர்ச்சி 'டீப்லி ஷொக்ட்'. பொறாமை கடுமையாகிவிட்டால் 'இன்சேன்லி ஜெலஸ்', அதாவது பித்துப் பிடித்த அளவுக்கு. கூச்சம் கடுமையாக இருந்தால் 'பெயின்ஃபுலி ஷை', பார்ப்பவருக்கே நோகும் அளவுக்கு. தமிழிலும் 'கடும்' எல்லா இடத்திலும் நுழைந்துவிடுவதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். கடுங்கோபம் உண்டு, கடும் மகிழ்ச்சி கிடையாது; மகிழ்ச்சிக்குப் 'பெரு' வேண்டும்.

'வெரி' என்ற சொல்லைப் பற்றி நீங்கள் குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். அது தேவையில்லை. அது நம்முடைய 'மிக' போன்றது. வெறும் அளவு சொல்லும், வேறு ஒன்றும் செய்யாது. உறு, தவ, நனி என்ற மூன்றும் மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் சொன்ன காலத்திலிருந்து எல்லா மொழிக்கும் இப்படி ஒரு சொல் வேண்டியிருந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. 'ஆங்ரி', 'ஹாப்பி', 'சாட்', 'டயர்ட்' போன்றவை ஏறவும் இறங்கவும் கூடிய சொற்கள். அவற்றோடு 'வெரி' சேரும். 'ஃபியூரியஸ்' (கடுங்கோபம்), 'டிலைட்டட்' (பெருமகிழ்ச்சி), 'டெரிஃபைட்' (பெரும்பயம்), 'எக்ஸோஸ்டட்' (முழுக் களைப்பு) போன்றவை ஏற்கெனவே உச்சியில் நிற்பவை. உச்சியில் நிற்பவரை மேலும் ஏற்ற முடியாது. 'முழுக்க முழுக்க' என்று உறுதிப்படுத்த மட்டுமே முடியும். அதனால் 'வெரி ஆங்ரி' என்றும் 'எப்ஸலூட்லி ஃபியூரியஸ்' என்றும் எழுதுவார்கள். 'வெரி ஃபியூரியஸ்' என்பது செவிக்கு ஒத்துவராது, 'எப்ஸலூட்லி ஆங்ரி' அதைவிட மோசம். எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியாதபோது 'ரியலி' என்று எழுதிவிடுங்கள், அது இரண்டு வகையோடும் போகும். அகராதியில் பெரிய சொல்லாகத் தேடி எடுத்தபோது உங்களைப் பார்த்துச் சிரித்தார்களே, அங்கே நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: உச்சிச் சொல்லை எடுத்து, பழக்கத்தில் முன்னால் ஒரு 'வெரி'யையும் போட்டிருப்பீர்கள்.

'டீப்லி' என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள், உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது அதுதான். நன்றி, துயரம், மனநெகிழ்ச்சி, வெட்கம், மனக்காயம் ஆகியவை உள்ளே இறங்கித் தங்கும் உணர்ச்சிகள். 'டீப்லி க்ரேட்ஃபுல்', 'டீப்லி சாடென்ட்', 'டீப்லி மூவ்ட்', 'டீப்லி அஷேம்ட்', 'டீப்லி ஹர்ட்' என்று அவையெல்லாம் அந்தச் சொல்லை விரும்பும். மேலே பொங்கிவரும் மகிழ்ச்சிக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அங்கே 'ப்ளிஸ்ஃபுலி ஹாப்பி' போன்றவை வரும். 'பெர்ஃபெக்ட்லி ஹாப்பி' என்பதைப் பார்த்துப் பரிபூரண ஆனந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். 'அறையை மாற்றித் தந்தால் எனக்கு ஆட்சேபனை இல்லை' என்ற அளவுக்குத்தான் அது பெரும்பாலும் வரும். இந்த வகையில் இன்னொன்று 'டெரிப்லி சொரி'. அதிலுள்ள பயங்கரம் எப்போதோ தேய்ந்துபோய்விட்டது. நம் பிள்ளைகள் 'பயங்கர சந்தோசம்' என்று சொல்லும்போது யாரும் பயப்படுவதில்லையே, அதுபோலத்தான்.

உணர்ச்சி எவ்வளவு என்பதைப் போலவே அது எப்படி வந்தது என்பதையும் ஆங்கிலம் சொல்லிணைவாலேயே சொல்கிறது. தமிழ் இதை வினையால் செய்யும். எனக்குக் கோபம் வந்தது, பயம் பிடித்தது, வெட்கம் பிடுங்கித் தின்றது, குலை நடுங்கியது என்று உணர்ச்சியை வெளியிலிருந்து வரும் ஒரு ஆளைப் போல நிறுத்தி, நம்மை நான்காம் வேற்றுமையில் 'எனக்கு' என்று ஓரமாக வைத்துவிடுவது நம் வழக்கம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஆளே எழுவாய். 'ஐ கொட் ஆங்ரி' என்றுதான் வரும், கோபம் என்னிடம் வந்ததாக எழுத முடியாது. கட்டுப்பாடு போய்விட்டால் அதற்கென்று தனி வினைகள் இருக்கின்றன. பொறுமை இழந்தவர் 'லொஸ்ட் ஹிஸ் டெம்பர்', கோபத்தில் கண்மண் தெரியாமல் பாய்ந்தவர் 'ஃப்ளூ இன்டு எ ரேஜ்', வெடித்து அழுதவர் 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்', அடக்க முடியாமல் சிரித்தவர் 'பர்ஸ்ட் அவுட் லாஃபிங்'. இங்கே ஒரு சொல்லை மாற்றினாலும் சோடி கலைந்துவிடும். தேம்பி அழலாம், விம்மி அழலாம், விழுந்து விழுந்து சிரிக்கலாம். தேம்பிச் சிரிக்க முடியாது என்று நமக்குத் தெரிவது போலத்தான் அவர்களுக்கும் தெரிகிறது.

பெயர்ச்சொற்களிலும் இந்த நுட்பம் உண்டு. ஊசி குத்தியதுபோலச் சட்டென்று வந்து போகும் குற்ற உணர்வோ பொறாமையோ 'எ பாங்க் ஒஃப்' என்று தொடங்கும். பொங்கி எழுந்து ஆளையே மூடும் துயரமும் நிம்மதியும் 'எ வேவ் ஒஃப்', அதாவது அலை. கண நேரம் மின்னி மறையும் கோபம் 'எ ஃப்ளாஷ் ஒஃப் ஆங்கர்'. நமக்கும் நிம்மதிப் பெருமூச்சு, ஆனந்தக் கண்ணீர் என்று இவற்றுக்கு இணையானவை உண்டு. 'சை ஒஃப் ரிலீஃப்', 'டியர்ஸ் ஒஃப் ஜோய்' என்று அவை ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடுகின்றன. அனுதாப அலை என்பதும் தமிழில் இருக்கிறது, ஆனால் அது தேர்தல் காலத்தில் மட்டும் வீசுவது. இரங்கல் மடலில் அதைத் தேடாதீர்கள்.

விருந்தினருக்கு எழுதும்போது சின்னச் சொற்களே பெரிய சங்கடத்தை உண்டாக்கும். 'ஹாப்பி வித்' என்றால் ஒரு பொருளிலோ சேவையிலோ திருப்தி. 'ஹாப்பி ஃபோர்' என்றால் மற்றவருக்குக் கிடைத்த நன்மையைக் கண்டு நமக்கு வரும் மகிழ்ச்சி. தேனிலவுக்கு வந்த சோடிக்கு 'ஹாப்பி ஃபோர் யூ' எழுத வேண்டும், அறையைப் பாராட்டியவரிடம் 'ஹாப்பி வித்' பற்றிப் பேசலாம். இதைவிட முக்கியமானது 'சொரி'. 'ஐ ஆம் சொரி ஃபோர் யுவர் லொஸ்' என்பது மரபான ஆறுதல். 'ஐ ஃபீல் சொரி ஃபோர் யூ' என்பது மேலே நின்றுகொண்டு பரிதாபப்படுவதுபோல ஒலிக்கக்கூடியது. அதை யாருக்கும் நேரடியாக எழுதாதீர்கள்.

இனி, அளவு. குளிரூட்டி பழுதானதற்கு 'வெரி சாட்' என்று எழுதியதாகச் சொல்கிறீர்கள். அது மிகையாக ஒலிப்பதற்குக் காரணம் 'வெரி' அன்று, 'சாட்'. பழுதான பொருளுக்காக நாம் துக்கம் கொண்டாடுவதில்லை, மன்னிப்புக் கேட்கிறோம். 'வீ ஆர் வெரி சொரி எபவுட் த ஏசி' என்றால் அவ்வளவுதான், முடிந்தது. அதற்கு 'டீப்லி ரிக்ரெட்' என்று எழுத வேண்டாம். அது அரசாங்க அறிக்கைகளிலும் நிறுவனங்களின் பகிரங்க மன்னிப்புகளிலும் வாழும் சோடி. இயந்திரத்துக்கு வாயு நிரப்பினால் சரியாகிவிடும் விடயத்துக்கு அது கோட் அணிந்து கடலில் குளிப்பது போலிருக்கும். சோடிகளைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டம் வரும், கற்றதையெல்லாம் ஒரே கடிதத்தில் போட்டுவிடத் துடிப்பார்கள். நானும் அப்படி இருந்தவன்தான். என் இளவயதில், வெளிநாட்டிலிருந்து வந்து எங்களுக்குக் கற்பித்த ஒருவருக்கு, நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் 'ஐ வாஸ் எக்ஸ்ட்ரீம்லி எக்ஸைட்டட்' என்று பெருமையோடு எழுதினேன். நான் சொல்ல நினைத்தது கைகால் உதறிய படபடப்பை. அவரோ நான் ஆவலோடு துள்ளிக்கொண்டிருந்ததாக நினைத்து வாழ்த்து அனுப்பிவிட்டார். நான் எழுதியிருக்க வேண்டியது 'நேர்வஸ்'.

மறுபக்கமாக, விருந்தினர்கள் எழுதுவதைத் தவறாக வாசிப்பதும் நடக்கிறது. 'ப்ளெஸன்ட்லி சர்ப்ரைஸ்ட்' என்று ஒருவர் கருத்து எழுதினால், ஏதோ அதிர்ச்சி என்று பதறி மன்னிப்புக் கேட்டுவிடாதீர்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது என்பதே அதன் பொருள். 'மைல்ட்லி எனொய்ட்' என்று எழுதியவரையோ அலட்சியம் செய்துவிடாதீர்கள். சொல்லளவில் அது சிறு எரிச்சல்தான். ஆனால் ஆங்கிலேயர் பலர் மனத்தில் இருப்பதைக் குறைத்தே சொல்வார்கள் என்பதால், அந்த 'மைல்ட்லி'க்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்பதை மேசைக்கு முன்னால் நின்ற முகத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பட்டியல் கேட்டீர்கள். நான் தரமாட்டேன். நூறு சோடிகளை மனனம் செய்தாலும், எந்தச் சந்தர்ப்பத்துக்கு எது என்பது அந்தப் பட்டியலில் இருக்காது. உங்களிடம் அதைவிட நல்ல மூலம் இருக்கிறது: விருந்தினர்கள் எழுதிய ஆறு ஆண்டு மின்னஞ்சல்கள். அவற்றில் உணர்ச்சியைச் சொல்லும் வரியைக் காணும்போதெல்லாம் ஒரு கொப்பியில் முழு வரியையும் எழுதுங்கள், தனிச் சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் அது எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதப்பட்டது என்பதையும் தமிழில் குறியுங்கள். அகராதியைத் திறக்கும்போது பொருளைப் பார்த்ததோடு மூடிவிடாமல் கீழே உள்ள உதாரண வாக்கியங்களைப் பாருங்கள்; கற்பவர்களுக்கென்று செய்யப்பட்ட ஆங்கில அகராதிகளில் சோடிகள் அங்கேதான் இருக்கின்றன. நீங்களாக ஒரு சோடியை உருவாக்கினால், அதை மேற்கோள் குறிக்குள் இட்டு இணையத்தில் தேடுங்கள். ஆங்கிலம் பேசும் நாடுகளின் பத்திரிகைகளில் அது வருகிறதா, எந்தச் சூழலில் வருகிறது என்று பாருங்கள். 'ஸ்ட்ராங் சிம்பதி'யை அப்படித் தேடியிருந்தால் அரசியல் செய்திகளே கண்ணில் பட்டிருக்கும். நம்முடைய 'அந்தரம்' போன்ற சில சொற்களுக்கு எங்கு தேடினாலும் ஆங்கிலத்தில் ஒரே சோடி கிடைக்காது. சங்கடமா, தவிப்பா, இருப்புக்கொள்ளாமையா என்று முதலில் தமிழில் பிரித்துக்கொண்டு பிறகு எழுதுங்கள்.

இனியொரு முறை இப்படி ஒரு செய்தி வந்தால், நான் எழுதக்கூடியது இது: 'ஐ வாஸ் டீப்லி சாடென்ட் டு ஹியர் எபவுட் யுவர் ஹஸ்பன்ட். ஐ ஆம் சோ சொரி ஃபோர் யுவர் லொஸ். வீ ஆல் ஹாவ் ஃபொன்ட் மெமரிஸ் ஒஃப் ஹிம்.' கடைசி வரியில் உள்ள 'ஃபொன்ட் மெமரிஸ்' அன்போடு மனத்தில் வைத்திருக்கும் நினைவுகளைச் சொல்லும் சோடி. ஆனால் அதோடு நிறுத்தாமல், அவர் எந்த நாற்காலியில் இருப்பார், காலையில் என்ன கேட்பார் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சாதாரணச் சொற்களில் ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரிக்கு எந்தச் சோடியும் தேவைப்படாது.

அந்த அம்மாவுக்குத் திருத்திய மடல் அனுப்ப வேண்டாம். இரங்கலைத் திருத்தி இரண்டாம் முறை அனுப்பினால், ஆறத் தொடங்கிய இடத்தை மறுபடி கிளறியதாகும். தவிர, அவர் எழுதிய ஒரு வரியை நீங்கள் சரியாக வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். 'டீப்லி டச்ட்' என்றால் உங்கள் கடிதம் அவர் மனத்தைத் தொட்டு நெகிழச் செய்தது என்று பொருள். ஓகஸ்ட்டில் வருவதாக அவர் எழுதினால், 'வீ வில் பி வெரி ஹாப்பி டு சீ யூ' என்று பதில் போடுங்கள். அந்த இடத்தில் 'வெரி'யைத் தொட வேண்டாம்.